ஓடைக்கு ஒரு பாலம்: எங்கள் பங்கு மூன்றில் ஒன்று

அன்புடையீர், வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் ஓடையைத் தாண்டலாமா வேண்டாமா என்று முடிவு சொல்வது குதிரைதான். காப்பி மூட்டையோ வாழைத்தாரோ சுமந்து வரும் குதிரை, தண்ணீர் ஓரம் நின்று முன்னங்காலால் ஒருமுறை தொட்டுப் பார்க்கும். அது இறங்கினால் பின்னாலேயே நாங்களும் இறங்குவோம். காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு நின்றுவிட்டால் எவ்வளவு அதட்டினாலும் நகராது. மூட்டையை இறக்கிப் பாறைமேல் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான். குதிரை சொல்லைத் தட்டி இறங்கியவர்கள் உண்டு. போன வருடம் மூன்று மூட்டை போனது. ஆள் தப்பித்தது பெரிய விஷயம்.

பழனி மலையின் கீழ்மலையில், தாண்டிக்குடி வட்டாரத்தில், 64 வீடுகள் உள்ள ஊர் எங்களுடையது. பளியர் குடும்பங்களும் மற்றவர்களும் கலந்தே இருக்கிறோம். தார்ச்சாலை ஓடைக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. வேன் நிற்கும் இடம், ரேஷன் கடை, ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம், காப்பிப் பழம் அரைக்கும் பல்பர் எல்லாம் அக்கரையில். தோட்டமும் வீடும் இக்கரையில். நடுவில் கிடந்தது இரண்டு சில்வர் ஓக் மரத்தைக் குறுக்கே போட்டுப் பலகை அடித்த பாலம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் இந்த மலை ஏறி வந்தபோது அது போனது. அதன்பிறகு இரண்டு முறை மரம் போட்டோம். இரண்டு முறையும் ஓடை எடுத்துக்கொண்டது.

காப்பி விவசாயம் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் அராபிகா பழுப்பது கார்த்திகை, மார்கழி, தை. வடகிழக்குப் பருவமழையும் அதே நாட்களில்தான் வந்து விழுகிறது. பறித்த பழத்தை அன்றைக்கே அரைத்தாக வேண்டும். தோலை உரித்து, தொட்டியில் ஒரு நாள் ஊறவிட்டு, வழவழப்புப் போகக் கழுவி, களத்தில் காயவைத்தால்தான் பார்ச்மெண்ட் (உள்தோலோடு காய்ந்த கொட்டை) விலை கிடைக்கும். ஓடை வழிவிடாமல் பழம் ஒரு ராத்திரி சாக்கிலேயே கிடந்தால், விடியற்காலம் சாக்கை அவிழ்க்கும்போதே கள்ளுக்கடை வாசம் அடிக்கும். கையை விட்டால் உள்ளே வெந்நீர் மாதிரி சூடு. அப்புறம் அதை அப்படியே தோலோடு காயவைத்து செர்ரியாகத்தான் போட முடியும். பட்டிவீரன்பட்டியில் வியாபாரி ஒரு கொட்டையை எடுத்து மோந்து பார்ப்பார். "அண்ணே, புளிச்சிருச்சே" என்பார். அதோடு பேரம் முடிந்தது. வருடம் முழுக்க உரம் வைத்து, நிழல் மரத்துக் கிளை கழித்து, ஒரே ராத்திரியில் விலை கீழே இறங்கிவிடுகிறது.

வாழைக்கும் இதே பாடு. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற விருப்பாச்சி மலைவாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தாயிற்று. ஆனால் தார் பாறையில் ஒருமுறை உரசிக் கறுத்துவிட்டால் எந்தக் குறியீட்டைக் காட்டியும் விலை கேட்க முடியாது.

உடம்புக்கு முடியாதவர்களை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு போவதும் உண்டு. அப்படிப் போன ஒரு கர்ப்பிணியின் படத்தை இந்த நோட்டீஸில் போட்டால் பணம் தானாக வரும் என்று குழுவில் ஒருவர் சொன்னார். அந்தப் பெண்ணிடமே கேட்டோம். "வேண்டாம்ணே, என் பிள்ளை பெருசானா இதைப் பார்க்குமில்ல" என்றது. படம் போடவில்லை.

இனி பண விஷயம். 'நமக்கு நாமே' திட்டம் பலருக்கும் நினைவிருக்கும். 1997-இல் ஆரம்பித்தது. ஆட்சி மாறியபோது நின்றது, இடையில் 'தன்னிறைவுத் திட்டம்' என்று பெயர் மாறியது, 2021-இல் மறுபடி பழைய பெயரிலேயே வந்தது. பெயர் எதுவானாலும் கணக்கு எங்களுக்குப் பிடித்திருக்கிறது: மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். தனி ஆளும் கட்டலாம், கம்பெனியும் கட்டலாம். ஆக, நீங்கள் கொடுக்கும் ஒரு ரூபாய் ஓடைக்கரைக்கு வந்து சேரும்போது மூன்று ரூபாய். எங்கள் பங்கு முழுசாகக் கட்டாதவரை அந்த இரண்டு ரூபாயும் அசையாது. இந்த வேண்டுகோளே அதற்காகத்தான்.

"பாலம் போடுவது அரசாங்கத்தின் வேலைதானே, நாம் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாங்களும் மனு மேல் மனு கொடுத்தவர்கள்தான். ஒரு தனியார் நிறுவனம் சமூகப் பொறுப்பு நிதியில் முழுப் பாலமும் கட்டித் தருவதாக வந்து அளந்துவிட்டுப் போனது. பாலத்துக்கு முன்னால் அவர்கள் போர்டு எவ்வளவு பெரிசாக நிற்கும் என்று பேசிய நேரம், அஸ்திவாரத்தைப் பற்றிப் பேசிய நேரத்தைவிட அதிகம். அதன்பிறகு போன் எடுப்பதில்லை. காத்திருந்ததில் இரண்டு மழைக்காலம் போனதுதான் மிச்சம்.

பொறியாளர் போட்ட மதிப்பீடு 21 லட்சம். எங்கள் பங்கு 7 லட்சம். இதுவரை சேர்ந்தது 3,12,000 ரூபாய். வீட்டுக்கு 2,500 வீதம் 64 வீட்டுக்கு 1,60,000. திருவிழாவில் மிஞ்சிய பணம் 40,000. இந்த வருடம் வாணவேடிக்கை வேண்டாம் என்று பூசாரியே சொல்லிவிட்டார். காப்பி விற்ற மூட்டைக்கு 40 ரூபாய் வீதம் 500 மூட்டைக்கு 20,000. திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் அனுப்பியது 92,000. இன்னும் வேண்டியது 3,88,000.

மக்கள் பங்கு பாதிக்குமேல் போனால் வேலையை நாமே எடுத்துச் செய்யலாம் என்று விதி இருக்கிறது. அதைப் பார்த்து, "பாதி கட்டி நாமே கட்டுவோம், காண்டிராக்டர் எதற்கு?" என்று இளவட்டங்கள் கிளம்பினார்கள். வேண்டாம் என்றுதான் முடிவு செய்தோம். களத்துக்கு சிமென்ட் பூசுகிற காரியமா இது? இரண்டு முறை நாமே போட்ட பாலத்தை ஓடை கொண்டுபோனதைப் பார்த்துவிட்டோம். டெண்டர் விட்டே நடக்கட்டும்; கம்பி கட்டும்போதும் கான்கிரீட் போடும்போதும் பக்கத்தில் நின்று எண்ணிப் பார்க்க ஆள் போட்டிருக்கிறோம்.

அக்கரையில் பாதை ஏறும் இடத்தில் ஒரு துண்டு வன நிலம். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவில், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைப் பாதை, பள்ளிக்கூடம், குடிநீர்க் குழாய் போன்ற பொதுத் தேவைக்கு விடலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்குமேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். எங்களுக்குத் தேவை சில சென்ட் இடம், வெட்டப் போவது லாண்டானா புதர் மட்டும். மே 1 கிராம சபையில் தீர்மானம் போட்டாயிற்று. பளியர் வீடுகளிலிருந்து வந்த பெண்கள்தான் முதலில் கை தூக்கினார்கள். தேனும் கடுக்காயும் அந்த வழியாகத்தானே இறங்க வேண்டும்.

கொடுக்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். எங்கள் குழுவுக்கு வருமான வரி விலக்குக்கான 80ஜி சான்று கிடையாது. அதை எதிர்பார்த்துக் கொடுத்துவிட்டுப் பிறகு வருத்தப்பட வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால் வங்கி வழியாக அனுப்பலாம், அது வெளிநாட்டு நன்கொடையில் சேராது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும். அதற்கான பதிவு எங்களிடம் இல்லை, வாங்க மாட்டோம். உங்களுக்கு மனம் இருப்பது தெரியும், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்பெனிகள் எங்கள் கையில் தர வேண்டியதில்லை. திட்டத்தின் பெயரில் அரசுக் கணக்கிலேயே நேராகக் கட்டிவிட்டு நகலை மட்டும் எங்களுக்குத் தந்தால் போதும். போர்டு வைக்க மாட்டோம். பெயர் வேண்டுமானால் கைப்பிடிச் சுவரில் எல்லார் பெயரும் ஒரே அளவில் இருக்கும், 100 ரூபாய் கொடுத்தவருக்கும் சேர்த்து.

பணமாக இல்லாவிட்டாலும் ஆகும். கட்டட வேலை தெரிந்த பொறியாளர்கள் இரண்டு நாள் வந்து மதிப்பீட்டைப் பார்த்துச் சொன்னால் தங்க இடமும் சோறும் எங்கள் பொறுப்பு. கஞ்சி உண்டு, ராத்திரி குளிரும், கம்பளி கொண்டு வரவும்.

புரட்டாசி முடிவதற்குள் எங்கள் பங்கு கட்டப்பட வேண்டும். அதன்பிறகு நிர்வாக அனுமதி, டெண்டர் எல்லாம் முடிய மார்கழி ஆகிவிடும். ஓடை வற்றி அஸ்திவாரம் தோண்ட முடிவது மாசியிலிருந்து சித்திரை வரைதான். இந்தக் கெடுவைத் தவறவிட்டால் அடுத்த மாசி. அதற்குள் மதிப்பீடும் ஏறிவிடும்.

குழுவின் வங்கிக் கணக்கு விவரம் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறது, ரசீதுப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் இருக்கிறது. வரவு செலவு ஒவ்வொரு மாதப் பிறப்பிலும் அதே பலகையில் எழுதப்படும். பாலம் எந்தக் காரணத்தாலாவது நின்றுபோனால் கொடுத்தவர்களுக்கு அவரவர் பணம் திரும்ப வரும்; இதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ரசீது இல்லாமல் யார் கேட்டாலும் பணம் தராதீர்கள், நானே நேரில் வந்து கேட்டாலும்.

இப்படிக்கு,
ஓடைப் பாலக் குழுவுக்காக,
பொருளாளர்