சகலதுறை வீரரைக் கூட்டல் கணக்கில் தேடக்கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நடக்கும் கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டிகளில் கடைசி நாளன்று 'சிறந்த சகலதுறை வீரர்' என்று ஒரு கிண்ணம் கொடுக்கிறார்கள். அநேகமாக அது கூடப் புள்ளி எடுத்தவர் கைக்கே போகிறது. ரிபவுண்ட் (தவறிய எறிதலில் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (கூடை விழ வழிசெய்யும் பாஸ்) எழுதிவைக்கும் இடங்களிலும் புள்ளியோடு சேர்த்து மூன்றையும் கூட்டி, தொகை பெரிதாக உள்ளவரின் பெயரைத்தான் வாசிக்கிறார்கள். அந்தக் கூட்டல் பிழை.

ஒரு பிள்ளை ஆட்டத்துக்குச் சராசரியாக 24 புள்ளி, 5 ரிபவுண்ட், 1 அசிஸ்ட் என்று வைப்போம். இன்னொரு பிள்ளை 11 புள்ளி, 9 ரிபவுண்ட், 7 அசிஸ்ட். கூட்டினால் 30 க்கு 27. முதலாவது பிள்ளைக்குக் கிண்ணம். ஆனால் ஆட்டத்தைப் பார்த்த எவரும் அவரைச் சகலதுறை வீரர் என்று சொல்லமாட்டார். அவர் வளையத்துக்கு எறிகிறவர், அவ்வளவுதான். ஒரு கூடைக்கு இரண்டோ மூன்றோ புள்ளி விழுகிறது, ஒரு ரிபவுண்டுக்கு ஒன்றுதான் விழுகிறது. கூட்டும்போது புள்ளி மற்ற இரண்டையும் விழுங்கிவிடுகிறது.

கூட்டுவதற்குப் பதில் பெருக்குங்கள். 24 × 5 × 1 = 120. 11 × 9 × 7 = 693. கனமூலம் எடுத்தால் 4.9, 8.8. இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்கக் கூடைப்பந்துப் புள்ளிவிபர ஆய்வாளர் ஜோன் ஹொலிஞ்சர் சகலதுறை ஆற்றலுக்கென்று வைத்த சுட்டெண் இதுவே: ஓர் ஆட்டத்துக்கான புள்ளி, ரிபவுண்ட், அசிஸ்ட் மூன்றையும் பெருக்கிக் கனமூலம். பெருக்கலின் பெரிய நன்மை, எந்த அளவுகோலில் எண்ணினாலும் வரிசை மாறாது என்பது. எல்லோருடைய புள்ளியையும் பாதியாக்கினாலும் எல்லோருடைய பெருக்கமும் பாதியாகும். முன்னுக்கு நின்றவர் முன்னுக்கே நிற்பார். கூட்டலில் அப்படி நடக்காது. வரிசைப்படுத்த மட்டும் என்றால் கனமூலமும் தேவையில்லை, பெருக்கத்தை வைத்தே ஒழுங்குபடுத்தலாம்.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் 1961-62 பருவம் இதற்கு நல்ல சாட்சி. வில்ட் சேம்பர்லைன் அந்தப் பருவத்தில் சராசரியாக 50.4 புள்ளி, 25.7 ரிபவுண்ட், 2.4 அசிஸ்ட். ஒஸ்கார் ரொபர்ட்சன் 30.8, 12.5, 11.4. கூட்டினால் சேம்பர்லைன் 78.5, ரொபர்ட்சன் 54.7, கிட்டவும் நிற்கமுடியாது. பெருக்கிக் கனமூலம் எடுத்தால் ரொபர்ட்சன் 16.4, சேம்பர்லைன் 14.6. (அதே சேம்பர்லைன் 1967-68 இல் 702 அசிஸ்ட் எடுத்து மொத்த எண்ணிக்கையில் முதலாவதாக வந்தார். ஆள் ஒருவர்தான், ஆட்டம் வேறு.)

ஆனால் பெருக்கலோடு வேலை முடிவதில்லை, நிமிடத்தையும் பார்க்கவேண்டும். ரொபர்ட்சன் அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்கு 44.3 நிமிடம் களத்தில் நின்றார். 2016-17 இல் ரசல் வெஸ்ற்புறூக் 31.6, 10.7, 10.4 எடுத்தது 34.6 நிமிடத்தில். சும்மா பார்த்தால் 16.4 க்கு 15.2, ரொபர்ட்சன் முன்னுக்கு. இருவரையும் 36 நிமிடத்துக்குக் கொண்டுவந்தால் 13.3 க்கு 15.8, வெஸ்ற்புறூக் முன்னுக்கு. எங்கள் ஊருக்கு இது இன்னும் முக்கியம். சர்வதேச விதிப்படி ஆட்டம் 10 நிமிடக் கால்பகுதிகள் நான்கு. கார்த்திகை, மார்கழி மழையில் திறந்த மைதானம் நனைந்தால் 8 நிமிடமாகவோ 7 நிமிடமாகவோ குறைக்கிறார்கள். சில இடங்களில் விசில் ஊதியும் கடிகாரம் நிற்பதில்லை. ஆகவே ஒவ்வொரு எண்ணையும் ஆடிய நிமிடத்தால் வகுத்து 40 ஆல் பெருக்குங்கள். அதற்கு, ஆள் மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஜேர்சி இலக்கத்தையும் கடிகார நேரத்தையும் ஒருவர் எழுதவேண்டும். குறைந்தது அணியின் மொத்த நேரத்தில் பாதியாவது ஆடியவரை மட்டும் கணக்கில் எடுங்கள். இல்லாவிட்டால் கடைசி ஐந்து நிமிடத்துக்கு இறங்கி மூன்று ரிபவுண்ட் பிடித்தவர் 40 நிமிடக் கணக்கில் 24 ரிபவுண்டுக்காரர் ஆகிவிடுவார்.

இன்னொரு பொறி பூச்சியம். பெருக்கலில் ஒரு பூச்சியம் விழுந்தால் எல்லாமே பூச்சியம். முதல் ஆட்டத்தில் 12, 8, 0. அடுத்ததில் 10, 7, 6 என்றால், ஆட்டம் ஆட்டமாகக் கணக்கிட்டுச் சராசரி எடுப்பவர் முதல் ஆட்டத்தையே அழித்துவிடுகிறார். சுற்றுப்போட்டி முழுவதையும் முதலில் கூட்டுங்கள் (22, 15, 6), பிறகு நிமிடத்தால் வகுங்கள், கடைசியாகப் பெருக்குங்கள். இந்த ஒழுங்கை மாற்றக்கூடாது.

உண்மையில் பெரிய குறை இருப்பது பதிவு மேசையில். அதிகாரபூர்வ ஸ்கோர் ஷீட்டில் ஓடும் புள்ளி, பவுல், டைம் அவுட் போன்றவைதான் உண்டு. ரிபவுண்டுக்கோ அசிஸ்டுக்கோ கட்டம் இல்லை. அதற்குத் தனித்தாள் வேண்டும், அணிக்கு இருவர் வேண்டும்: ஒருவர் கண்ணை ஆட்டத்திலிருந்து எடுக்காமல் "ஏழு, ரிபவுண்ட்" என்று சொல்ல, மற்றவர் குனிந்து எழுதுவார். ஒருவரே பார்த்து எழுதினால் எழுதுகிற நொடியில் அடுத்த பாஸ் போய்விடும். முதலில் தவறுவது அசிஸ்ட்தான். அதனால் நட்டப்படுவது பந்தைப் பகிர்கிற பிள்ளை.

கடைசியாகப் பாஸ் கொடுத்தவருக்கெல்லாம் அசிஸ்ட் எழுதுவதும் பிழை. வாங்கியவர் நின்று, பந்தைத் தரையில் தட்டி, தன்னைக் காத்தவரைத் தாண்டிப் போய்ப் போட்டால் அது அவருடைய சொந்த உழைப்பு. அதேபோல் ரிபவுண்டை ஒருவர் வேண்டுமென்றே தன் ஆளிடம் தட்டிக்கொடுத்தால் ரிபவுண்ட் தட்டியவருக்கு, கையில் பிடித்தவருக்கு அல்ல. இன்னொன்று: பாஸ் வாங்கியவர் ஷொட் எடுக்கையில் பவுலுக்கு ஆளாகி, ப்ரீ த்ரோவில் (பவுலுக்காகக் கிடைக்கும் தனி எறிதலில்) ஒன்றையாவது போட்டால் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளன முறையில் அசிஸ்ட் உண்டு, என்.பி.ஏ.யில் இல்லை. ஆகவே என்.பி.ஏ. எண்களை எங்கள் எண்களோடு நேருக்கு நேர் வைக்காதீர்கள்.

தாள் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தவறிய ஒவ்வொரு ஷொட்டும், தவறிய கடைசி ப்ரீ த்ரோவும், கால்பகுதி முடிந்துபோனவை தவிர, யாரோ ஒருவரின் ரிபவுண்டாகவோ அணியின் ரிபவுண்டாகவோ (ஒருவர் பெயரிலும் சேராமல் அணிக்குக் கிடைத்த பந்து) முடியவேண்டும். இரு அணியின் தாளையும் பக்கத்தில் வைத்து எண்ணுங்கள். ஐந்தாறு குறைந்தால் அந்தத் தாளை நம்பி விருது கொடுக்கமுடியாது.

தடுப்பாட்டத்தையும் விடக்கூடாது. என்.பி.ஏ.யே ஸ்டீலையும் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது) பிளொக்கையும் (எறிந்த ஷொட்டைத் தட்டிவிடுவது) 1973-74 இலிருந்துதான் எழுதத் தொடங்கியது. சேம்பர்லைன் எத்தனை ஷொட்டைத் தட்டிவிட்டார் என்பதற்கு முழுக் கணக்கு இல்லை. 2017 பெப்ரவரியில் என்.பி.ஏ. வீரர் ட்ரேமண்ட் கிறீன் ஓர் ஆட்டத்தில் வெறும் 4 புள்ளி எடுத்து, ரிபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல் மூன்றிலும் பத்தைத் தொட்டார். எங்கள் இப்போதைய முறையில் அன்று அவர் பெயரை யாரும் வாசித்திருக்கமாட்டார்கள். ஸ்டீலையும் பிளொக்கையும் கூட்டி நாலாவது எண்ணாக எடுங்கள். நாலையும் பெருக்கினால் நாலாம் மூலம் வேண்டும். சாதாரணக் கல்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தரம் அமத்தினால் போதும். மேலே சொன்ன இரண்டாவது பிள்ளைக்கு ஸ்டீலும் பிளொக்கும் சேர்த்து 3 என்றால் 693 × 3 = 2079. ஒரு தரம் அமத்த 45.6, மறுதரம் 6.75.

இந்தச் சுட்டெண் பந்தைப் பறிகொடுத்ததையும் தவறிய ஷொட்டையும் காணாது. வெஸ்ற்புறூக் 2016-17 பருவத்தில் ஆட்டத்துக்கு 5.4 தரம் பந்தை இழந்தார், ஷொட்டில் 42.5 வீதம்தான் விழுந்தது. ஆகவே முதல் மூன்று பேரைச் சுட்டெண்ணால் பொறுக்கி, அவர்களுக்கிடையே முடிவெடுக்க இழப்பையும் ஷொட் வீதத்தையும் பாருங்கள். அதற்கும் மேலே, எதிரணியின் உயரமான ஆளையும் வேகமான ஆளையும் மாறிமாறிக் காக்கக்கூடியவர் யார் என்பதைப் பயிற்றுவிப்பாளர்தான் சொல்லவேண்டும். எந்தத் தாளிலும் அது வராது.

அமெரிக்காவிலிருந்து வந்த இயேசுசபைத் துறவிகள் ஊட்டி வளர்த்த விளையாட்டு இது. புனித மிக்கேல் கல்லூரியில் யூஜின் ஹேர்பேர்ட் அடிகளார் பயிற்றுவித்ததை இந்த ஊர் மறக்கவில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பிள்ளையின் பாஸ் எண்ணப்படாமல் போவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் பத்திரிகையிடமும் ஒன்று கேட்கிறேன். கூடைப்பந்து முடிவுகளைப் போடும்போது வென்ற அணி, தோற்ற அணி, கூடிய புள்ளி எடுத்தவர் என்று நிறுத்தாமல், அணிக்கு மூவருக்காவது நிமிடம், புள்ளி, ரிபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீலும் பிளொக்கும் என்ற ஐந்து எண்களைச் சேர்த்து அச்சிடுங்கள். பத்திரிகையில் வரும் என்று தெரிந்தால் ஏற்பாட்டாளர்கள் அந்தத் தாளை நிரப்புவார்கள்.

இப்படிக்கு,
கூடைப்பந்துப் பதிவாளர் ஒருவர்,
மட்டக்களப்பு.