இசைத்தட்டு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வராத உறுப்பினர்களே (இதன் பிரதி உங்களுக்கும் வட்ஸ்அப்பில் வரும்),

சென்ற ஆனி மாதப் பொதுக்கூட்டத்தில் என்னை மீண்டும் செயலாளராகத் தெரிவு செய்தீர்கள். வேறு யாரும் கை உயர்த்தாததைத் தெரிவு என்று சொல்லலாமென்றால், தெரிவு செய்தீர்கள். அன்று முதல் இன்று வரை நடந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

மாதமொருமுறை கூடி ஜாஸ் தட்டுக் கேட்கும் நம் வட்டத்துக்குப் பன்னிரண்டு மாதத்தில் ஒன்பது அமர்வுகள் நடந்தன. விடுபட்ட மூன்றில் ஒன்று வெள்ளத்தால், ஒன்று கரண்ட் இல்லாமையால், மற்றது மாமாங்கத் தீர்த்தத்தன்று நாள் வைத்த என் பிழையால். ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பில் ஜாஸ் கேட்க ஆள் வருமென்று நம்பியவன் நான் ஒருவன்தான்.

பௌர்ணமி இரவொன்றில் கல்லடிப் பாலத்தடிக்கு, வாவியில் மீன் பாடுமென்று ஊர் சொல்லும் அந்த மீன் பாட்டுக் கேட்கப் போனோம். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து முறைப்படிதான் கேட்டோம். பஸ் சத்தம் கேட்டது.

புதிய உறுப்பினர் மூவர் சேர்ந்தனர். இருவர் வருகிறார்கள்.

இனி அமர்வுகள். கனடாவிலிருந்து மைத்துனர் கொண்டுவந்து கொடுத்த இசைத்தட்டுச் சுழலியை நம் உறுப்பினர் ஒருவர் பெருமையோடு தூக்கி வந்த நாளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 110 வோல்ட் இயந்திரம். அதற்கென்று ஒரு ட்ரான்ஸ்போமரும் வாங்கியிருந்தார். ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் புளூ' போட்டோம். ஐந்து நிமிடம் எல்லோரும் கண்ணை மூடி அனுபவித்தோம். வயலின் ஆசிரியை மட்டும் கண்ணைத் திறந்து, "சேர், இந்த மனிசனுக்குச் சுகமில்லையா? சுருதி ஒன்றரைக் கட்டை கீழ நிக்குதே" என்றார்.

அவர் சொன்னது சரி. ட்ரான்ஸ்போமர் வோல்ட்டை மாற்றும், மின்னோட்டத்தின் துடிப்பை மாற்றாது. அங்கே செக்கனுக்கு 60 தடவை, இங்கே 50. அந்த மோட்டர் துடிப்புக்கு ஏற்றபடி சுற்றும் வகை. ஆகவே நிமிடத்துக்கு 33⅓ தடவை சுற்றவேண்டிய தட்டு 28க்கும் குறைவாகவே சுற்றியது. டேவிஸ், அவரோடு சாக்ஸபோன் வாசித்த கோல்ட்ரேன், அடர்லி மூவரும் காய்ச்சலில் படுத்தவர்கள்போல வாசித்துக்கொண்டிருந்தார்கள். நாமும் "ஆகா, என்ன ஆழம்" என்று தலையாட்டினோம். நானும்தான் ஆட்டினேன்.

பரிகாரம் எளிது. மோட்டரின் தண்டிலுள்ள சிறு சில்லைக் கழற்றி, அதைவிட ஐந்தில் ஒரு பங்கு அகலமான பித்தளைச் சில்லொன்றைப் போடவேண்டும். நகரிலுள்ள லேத் பட்டறையில் நானே போய் நின்று கடைந்தெடுத்தேன். பட்டறைக்காரர் எதற்கென்று கேட்டார். விளங்கப்படுத்தினேன். காசு குறைத்தார், பரிதாபத்தாலோ தெரியாது.

அடுத்த மாதமே அதே தட்டைத் திரும்பப் போட்டோம். ஆசிரியை மறுபடியும் நெற்றியைச் சுருக்கினார். இப்போது முதற் பக்கம் சற்று மேலே நிற்கிறதாம், இரண்டாம் பக்கம் சரியாம். என் சில்லில்தான் பிழை என்று இரண்டு பேர் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். சில்லில் பிழையென்றால் இரண்டு பக்கமும் அல்லவா ஏறவேண்டும்? 1959 மார்ச் 2ஆம் திகதி நியூயோர்க்கில் முதற் பக்கத்தைப் பதிவு செய்தபோது ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டி எடுத்த தட்டில் அந்தப் பக்கம் வேகமாகக் கேட்கும். 1992இல் வந்த மறுபதிப்பில்தான் அதைத் திருத்தினார்கள். உறுப்பினரிடம் இருந்தது பழைய பதிப்பு. முப்பது வருடத்துக்கு மேல் உலகம் கேட்டுக்கொண்டிருந்த பிசகை, ஜாஸ் என்றால் என்னவென்றே போன வருடம்வரை அறியாத ஒரு கர்நாடக சங்கீத ஆசிரியை என் வீட்டு விறாந்தையில் இருந்து பிடித்தார். இந்த வட்டம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். என் சில்லைக் குறை சொன்ன இருவரும் இன்னும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

பியானோக் கலைஞர் டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்' போட்ட மாதம் சண்டை மாதம். போல் டெஸ்மண்ட் ஆக்கிய 'டேக் ஃபைவ்' ஐந்து அட்சரம். "நம்ம கண்டசாபுதான்" என்றார் மிருதங்கம் பழகிய இளைஞர். கண்டசாபு தக தகிட, இது தகிட தக, மூன்று முன்னால் இரண்டு பின்னால் என்றார் ஆசிரியை. இரண்டு பேரும் தொடையில் தட்டித் தட்டி, ரெக்கோர்ட் முடிந்தது யாருக்கும் தெரியவில்லை. புரூபெக் குழு 1958இல் நீண்ட பயணம் போனபோது இலங்கைக்கும் வந்தது என்று நான் சொன்ன தகவலைக் கேட்க அன்று ஆளிருக்கவில்லை. அதனால் இங்கே பதிகிறேன்.

சோனி ரொலின்ஸின் 1956ஆம் ஆண்டு 'சாக்ஸபோன் கொலோசஸ்' தட்டின் முதற் பாட்டு 'சென். தோமஸ்', மேற்கிந்தியத் தீவுகளின் கலிப்ஸோ மெட்டு. அது தொடங்கியதும் பறங்கியர் சமூகத்து நம் மூத்த உறுப்பினர் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து, "மச்சான், இது எங்கட கலியாண வீட்டுச் சாமான்" என்று அவர்களுடைய ஆட்டமான கப்ரிஞ்ஞாவுக்கு அடி வைத்தார். வயது எழுபதைத் தாண்டியவர். இதே மனிதர்தான், ஜாஸ் பிறந்த நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார் மட்டக்களப்புக்குக் கூடைப்பந்தைக் கொண்டுவந்ததையும், வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்த வெபர் அடிகளார் அந்த நகரத்தவர் என்பதையும் நமக்கு நினைவூட்டியவர். "பந்தோட ஒரு ட்ரம்பெட்டையும் கொண்டு வந்திருக்கலாமே" என்பது அவருடைய நெடுநாள் மனக்குறை.

காத்தான்குடி உறுப்பினர் கைபேசியிலிருந்தே நல்ல ஒலி எடுக்கலாம் என்று ஒரு சிறு பெட்டியை இணைத்துக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. தட்டுப் பிரியர்கள் சிலர் ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணைக் கட்டிச் சோதித்தபோது அவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பெயர் வேண்டாம்.

இப்போது விறாந்தைக்கு வருகிறேன். செயலாளர் வட்டத்தின் காசில் தன் வீட்டைத் திருத்திக்கொண்டார் என்று ஒரு கதை உலாவுகிறது. நேரே கேட்டிருந்தால் நேரே சொல்லியிருப்பேன். யாரும் கேட்காததால் எழுத்திலேயே சொல்கிறேன்.

சென்ற வருடம் நாம் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். நல்ல ஸ்பீக்கர், நல்ல அம்ப், ஆனால் எங்கும் ஒரே இரைச்சல். நம் வீடுகள் அப்படி: டைல்ஸ் தரை, பூச்சுப் பூசிய மொட்டைச் சுவர், கண்ணாடி யன்னல். நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள், இரண்டு சுவருக்கும் இடையே அந்தச் சத்தம் பந்துபோல ஓடித்திரியும். அதற்குள் சிம்பலின் மெல்லிய தட்டு எங்கே கேட்கப்போகிறது? உறுப்பினர்களில் ஒருவர் ஸ்பீக்கர் வயருக்கு மட்டும் செலவழித்த தொகை எனக்குத் தெரியும். அறைக்கு அவர் ஒரு பாய்கூட விரிக்கவில்லை.

ஆகவே ஓர் அறையைச் சரிசெய்வோம் என்று முன்மொழிந்தேன். பொதுமண்டபம் கேட்டோம், கிடைக்கவில்லை. யாராவது வீட்டில் ஓர் அறை தருவீர்களா என்றேன். அன்று எல்லோரும் சுவரைப் பார்த்தீர்கள். அதனால் என் வீட்டுப் பக்க விறாந்தையை அடைத்தேன். என் மனைவி அதில் நெல் மூட்டை வைத்திருந்தார். மூட்டைகள் இப்போது எங்கள் படுக்கையறையில் இருக்கின்றன.

பழைய கதவுப் பலகையில் சட்டங்கள் (பலகை என்னுடையது), உள்ளே நாலு அங்குலத் தடிப்பில் தென்னந்தும்பு, மேலே மருதமுனைக் கைத்தறித் துணி. தும்பு சத்தத்தைக் குடிக்கும். துணி தடுக்காது, அழகாகவும் இருக்கும். இந்தச் சட்டங்களைச் சுவரில் கண்டபடி தொங்கவிடுவதில் பயனில்லை. கேட்பவர் தன் கதிரையில் இருக்க, இன்னொருவர் சுவரோரமாக முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்திக்கொண்டு போகவேண்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் எந்த இடத்தில் தெரிகிறதோ அந்த இடத்தில்தான் ஒலி பட்டுத் தெறிக்கிறது. அங்கேதான் சட்டம். இதற்கு இரண்டு பேர் வேண்டும். மூன்று சனிக்கிழமை அறிவித்தேன். மூன்று சனிக்கிழமையும் கண்ணாடி பிடித்தவன் பத்து வயதுப் பேரன். அவன் நம் உறுப்பினன் அல்ல.

ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து மூன்றடி முன்னால் இழுத்தோம், பேஸின் வீக்கம் வற்றியது. தரையில் பன்பாய் விரித்தோம். பிறகு வந்து கேட்டவர்களுக்குத் தெரியும். 'கைண்ட் ஒஃப் புளூ'வில் பேஸ் வாசிக்கும் போல் சேம்பர்ஸின் விரல் தந்தியில் வழுக்குவதுகூடக் கேட்கிறது.

வீட்டுக்குள்ளா இதெல்லாம் என்று சிரித்தவர்களுக்கு ஒன்று. மேலே சொன்ன 'சாக்ஸபோன் கொலோசஸ்' பதிவானது நியூ ஜேர்சியில் ஹாக்கன்சாக் என்ற ஊரில், ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளரின் பெற்றோர் வீட்டு முன்னறையில். அவர் பகலில் கண் பரிசோதித்து மூக்குக் கண்ணாடி எழுதிக் கொடுப்பவர். அந்த முன்னறையில் மைல்ஸ் டேவிஸும் வாசித்தார், பியானோக் கலைஞர் தெலோனியஸ் மொங்கும் வாசித்தார். அவருடைய தாயார் நெல் மூட்டையை எங்கே வைத்தாரென்று யாரும் விசாரிக்கவில்லை. 'கைண்ட் ஒஃப் புளூ', 'டைம் அவுட்' இரண்டும் ஒரே ஆண்டில் பதிவான கலையகமோ முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். இசைக்கு அறை வேண்டும், ஐயாமாரே. சட்டங்கள் எல்லாம் திருகாணியில்தான் நிற்கின்றன. நாளைக்கே கழற்றி யார் வீட்டுக்கும் கொண்டுபோகலாம், வாகனக் கூலி மட்டும் அவர்களுடையது.

ஒரு குறையை நானே ஒத்துக்கொள்கிறேன், கூரை தகரம். கார்த்திகை அமர்வில் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்'. 1964 டிசம்பரில் ஒரே நாளில் பதிவான தட்டு. இரண்டாம் பக்கம் எல்வின் ஜோன்ஸின் தனி ட்ரம்ஸோடு தொடங்கும். தொடங்கியது. அடி கூடிக்கொண்டே போனது. என்ன உக்கிரம் என்று வியந்தோம். சாக்ஸபோன் வரவேண்டிய நேரம் கடந்தும் வரவில்லை. பிறகுதான் விளங்கியது, பெய்துகொண்டிருப்பது வாடைக்காற்று மழை. கோல்ட்ரேன் எப்போதோ வந்து வாசித்துக்கொண்டுதான் இருந்தார்.

மழை விட்டபின் கடைசிப் பகுதியை மட்டும் திரும்பக் கேட்டோம். உறையிலே அச்சிட்ட தன் பிரார்த்தனைக் கவிதையைக் கோல்ட்ரேன் சொல் சொல்லாகச் சாக்ஸபோனிலே சொல்கிற பகுதி அது. தாளம் இல்லை. ஓதுவார் விருத்தம் பாடுவதுபோல, நின்று, நிதானித்து, அடுத்த அடிக்குப் போகிறது. நாதஸ்வரக் குடும்பத்து உறுப்பினர் ஒருவர் கடைசிவரை ஒன்றும் பேசவில்லை. போகும்போது தட்டைக் கடன் கேட்டார். கொடுத்தேன், திருப்பியும் தந்தார். இதைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. என்னிடமிருந்து போன ஏழு தட்டுகளில் திரும்பியது அது ஒன்றுதான். மற்ற ஆறில் ஒன்று பாசிக்குடாவில் வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்து அப்பளமாகிவிட்டதாக அறிகிறேன். மீதி ஐந்தும் எங்கிருந்தாலும் நிமிர்த்தி வையுங்கள். உப்புக்காற்றில் பூஞ்சணம் பிடித்தால் பற்றரிக்கு ஊற்றும் வடிநீரால் மென்மையாகத் துடையுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.

கணக்கு விடயம். கணக்குப் புத்தகம் பொருளாளரோடு கொழும்பில் மகள் வீட்டுக்குப் போய் வந்ததால் முழு விபரம் இன்று வைக்கமுடியவில்லை. பொதுவாக, வரவும் செலவும் கிட்டத்தட்டச் சமம். சமமாகாத பகுதியை நான் போட்டிருக்கிறேன். அதைப் பெரிதாக எடுக்கவேண்டாம். தும்பு, துணி, திருகாணி, பித்தளைச் சில்லு ஆகியவற்றின் பற்றுச்சீட்டுகள் என்னிடம் உண்டு, வேண்டியவர்கள் பார்க்கலாம். பதிவேட்டில் 23 உறுப்பினர்கள். வருடச் சந்தாவை முழுதாகக் கட்டியவர்கள் 9. ஒரு மாதச் சந்தா இரண்டு தேநீரும் இரண்டு மீன் ரோலும் வாங்கும் காசு. அமர்வுகளில் மீன் ரோல் ஒருபோதும் மிஞ்சியதில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். இரண்டாம் பக்கம் போடுமுன் எழுந்து போவோர் ரோலை முடித்துவிட்டே போகிறார்கள்.

அனுசரணை தந்த தலைவருக்கும், ஒத்துழைத்த நிர்வாகக் குழுவினருக்கும், சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட அயலவருக்கும், தேநீர் தந்த என் மனைவிக்கும் நன்றி. பேரனுக்குத் தனியாக நன்றி.

வரும் ஆண்டில் அலிஸ் கோல்ட்ரேனின் 1971ஆம் ஆண்டுத் தட்டொன்றை எடுக்க எண்ணம். தம்பூராவும் ஹார்ப்பும் சேர்ந்து ஒலிக்கும் அத்தட்டின் பெயரிலுள்ள சச்சிதானந்த சுவாமிகள் 1950களில் இலங்கையில் தங்கிப் பணியாற்றியவர் என்பதால் நமக்கும் ஒரு பாத்தியதை உண்டு. ஹார்ப் மெல்லிய வாத்தியம், தகரக் கூரையின் கீழ் மாரியில் அதைக் கேட்கமுடியாது. உட்கூரை அடித்து, இடையில் தும்பு நிரப்பினால் கேட்கலாம். மேசன் ஒருவரிடம் மதிப்பீடு எடுத்து வைத்திருக்கிறேன். தொகையை இங்கே சொல்லி யாரையும் சங்கடப்படுத்தமாட்டேன். மதிப்பீட்டுத் தாள் தேநீர் மேசையில், மீன் ரோல் தட்டுக்குக் கீழே இருக்கிறது.

புதிய செயலாளராக யாராவது முன்வந்தால் சாவியை இன்றே தரத் தயார். வராவிட்டால் அடுத்த அமர்வு வழமைபோல் சனி மாலை, என் வீட்டில். கதிரை எட்டுத்தான் உண்டு. சந்தா கட்டியவர்கள் ஒன்பது பேர் என்பதால், அவர்களும் கொஞ்சம் நேரத்தோடு வாருங்கள்.

செயலாளர்