மே மாத ஸ்கூபாவுக்கு மாலத்தீவு எதற்கு, திருகோணமலை இருக்கையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கினால் ‘உலகின் மலிவான ஸ்கூபா டைவிங் (காற்றுக் குடுவையோடு கடலில் முக்குளிப்பது) தலங்கள்’ என்று ஒரு பட்டியல் பத்திரிகைகளில் வந்துவிடும். உங்கள் சுற்றுலாப் பக்கமும் இதற்கு விலக்கல்ல. ஹோண்டுராஸின் உட்டிலா, தாய்லாந்தின் கோ தாவ், எகிப்தின் தஹாப் என்று பெயர்கள் அணிவகுக்கும். பயிற்சிக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் அதில் பொய் இல்லை. ஆனால் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுகிறவருக்கு அந்தக் கணக்கு உதவாது. உட்டிலாவில் பயிற்சியில் மிச்சம் பிடிப்பதைப் போல் பல மடங்கு விமானத்துக்கே போய்விடும். சென்னைக்காரருக்கு எந்தக் கடல் மலிவு என்பதை மூன்று விஷயங்கள்தான் முடிவு செய்கின்றன: விமானக் கட்டணம், போகிற மாதம், கரையிலிருந்தே இறங்கலாமா இல்லை படகு வேண்டுமா என்பது.

இதில் மாதத்தைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பிள்ளைகளுக்கு லீவு விடும் ஏப்ரல், மே மாதங்களில் இலங்கைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, ஹோட்டல் மலிவாகக் கிடைக்கிறதே என்று மேற்குக் கரையின் நீர்கொழும்பிலோ தெற்குக் கரையின் உனவட்டுனவிலோ போய் இறங்குவார்கள். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கக் கடலைக் கலக்கிவிடும். படகே போகாது, போனாலும் தண்ணீருக்கடியில் கை நீட்டும் தூரம் தெரிந்தால் அதிர்ஷ்டம். அதே நாட்களில் தீவின் கிழக்குக் கரை காற்று மறைவில் இருக்கும். திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை கடல் அமைதி. சென்னையில் அக்னி நட்சத்திரம் கொளுத்தும்போது அங்கே சீசன். டிசம்பர் அரையாண்டு லீவுக்குக் கணக்கு தலைகீழ்: கிழக்கே வாடைக்காற்றும் மழையும், காலி, கொழும்புப் பக்கம் தெளிந்த கடல்.

திருகோணமலையை நம்மவர்கள் ஏன் கண்டுகொள்வதில்லை என்பது உண்மையிலேயே புரியாத விஷயம். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலைப் பாறை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. 1620-களில் போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் கற்கள் அதன் அடிவாரத்தில் கிடக்கின்றன. 1956-இல் முக்குளிப்பாளர் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அங்கே முக்குளித்தபோது அவை வெளியுலகுக்குத் தெரியவந்தன. செதுக்கிய தூண் ஒன்றை மீன்கூட்டத்துக்கு நடுவே பார்க்கும் வாய்ப்பு எந்தப் பவளத்தீவு விடுதியிலும் கிடைக்காது. பார்க்கலாம், தொடவோ, துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளவோ கூடாது. பாறை முனையில் நீரோட்டம் திடீரென்று மாறும். அதனால் முதல் கடல் முக்குளிப்பை இங்கே வைத்துக்கொள்ளாமல், நிலாவெளிப் பக்கத்து ஆழமில்லாத பாறைத்திட்டுகளில் பழகிவிட்டு வருவது நல்லது. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு தேசியப் பூங்காவில் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் தனி. காலை பத்து மணிக்கு மேல் அங்கே கூட்டம்.

மட்டக்களப்பில் மூழ்கிக் கிடக்கும் ‘ஹெர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றிப் படித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த கப்பல் அது. ஆனால் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பயிற்சி முடித்ததும் தரும் ‘ஓபன் வாட்டர்’ என்ற முதல்நிலைச் சான்று அட்டைக்கு ஆழ எல்லை 18 மீட்டர். அடுத்த நிலையான ‘அட்வான்ஸ்டு’ அட்டைக்கு 30. பொழுதுபோக்கு முக்குளிப்பின் உச்ச எல்லையே 40. அதாவது சாதாரண அட்டையோடு அந்தக் கப்பலை எட்டிப் பார்க்கக்கூட முடியாது. அதே நாளில் மூழ்கிய ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ என்ற எண்ணெய்க் கப்பல் 25 மீட்டர் வாக்கில் இருக்கிறது. அட்வான்ஸ்டு அட்டைக்காரர்கள் கேட்க வேண்டியது இதைத்தான். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து வவுனியா வழியாகத் திருகோணமலைக்கு பஸ். யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்கு வருவது சிறிய விமானம், பெட்டி எடை வரம்பும் குறைவு. ஆகவே முகக்கண்ணாடியும், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டரும் மட்டும் சொந்தமாகக் கொண்டுபோய், மற்றதை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். படகில் சொல்லும் பாதுகாப்புக் குறிப்புகளைத் தமிழிலேயே கேட்டு, சந்தேகத்தையும் தமிழிலேயே தீர்த்துக்கொள்ள முடிவது சின்ன வசதியல்ல.

மலேசியாவின் பெர்ஹெந்தியன், தியோமான் தீவுகளுக்கும் இதே காலண்டர்தான். மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை சீசன்; நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பெரும்பாலான கடைகள் பூட்டு. கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸில் கோலா பெசுட் போய்ப் படகேறினால் பெர்ஹெந்தியன், மெர்சிங் போனால் தியோமான். கடற்பூங்காக் கட்டணம் வெளிநாட்டவருக்கு 30 ரிங்கிட். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு, கோ தாவின் நெரிசலைவிட இது மேல் என்பது என் கருத்து.

படகுச் செலவே இல்லாமல் கப்பல் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பாலித் தீவின் துலாம்பென். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் குண்டு பட்டு, இழுத்துவரப்பட்டுக் கரைதட்டி நின்ற ‘லிபர்ட்டி’ என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலை, 1963-இல் அகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் தள்ளிவிட்டது. கரையிலிருந்து முப்பது மீட்டர் நீந்தினால் கப்பலின் மேல்பகுதி தெரிய ஆரம்பிக்கும். அடிப்பகுதி 30 மீட்டர் ஆழத்தில். ஓபன் வாட்டர் அட்டைக்கே பாதிக் கப்பலைப் பார்த்துவிடலாம். காற்றுக் குடுவைகளை உள்ளூர்ப் பெண்கள் தலையில் சுமந்து கரைக்குக் கொண்டுவந்து தருகிறார்கள். இங்கே ஆபத்து ஆழத்தில் இல்லை, கரையில்தான். உருண்டையான கறுப்புக் கூழாங்கற்கள் அலை திரும்பும்போது காலடியில் உருளும். துடுப்புக் காலணியைக் கரையில் மாட்டிக்கொண்டு நடந்தால் கணுக்கால் பிசகும். இடுப்பளவு தண்ணீர் வரை வெறும் பூட்ஸோடு போய், மேலங்கியில் காற்று ஏற்றி மிதந்துகொண்டு அங்கே மாட்டிக்கொள்ள வேண்டும். தென் பாலியிலிருந்து வேன்கள் வந்து சேருவதற்குள், காலை ஏழு மணிக்கு முன்பே இறங்கிவிட்டால் கப்பல் உங்களுக்கே.

ஓமனின் தைமானியாத் தீவுகள் மஸ்கட்டுக்குப் பக்கம். வேலைக்காகப் போகிற நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே இருந்தும், முக்குளிக்கப் போகிறவர் குறைவு. பிலிப்பைன்ஸின் மோல்போவாலில் கரைக்கு நீந்தும் தூரத்திலேயே மத்திக் கூட்டம் ஆண்டு முழுக்கச் சுழன்றுகொண்டிருக்கிறது. மாலத்தீவுக்குத்தான் போவேன் என்பவர்கள் விடுதித்தீவை விட்டுவிட்டு, திகுரா, ஃபுலிதூ போன்ற ஊர்த்தீவுகளின் விருந்தினர் இல்லங்களைப் பார்க்கட்டும். அங்கே மது கிடையாது. விளம்பரத்தில் வரும் விலையோடு சேவைக் கட்டணமும் 17 சதவீதச் சுற்றுலா வரியும் தலைக்கு இரவுக்கு இத்தனை டாலர் என்ற பசுமை வரியும் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

நம் நாட்டுக்குள் அந்தமானைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கர்நாடகத்தில் முருதேஸ்வரத்துக்கு எதிரே உள்ள நேத்ராணித் தீவுக்கு அக்டோபரிலிருந்து மே வரை படகு ஓடும். சனி, ஞாயிறில் பெங்களூர்க் கூட்டம் மொய்க்கும், வாரநாளில் போவது நல்லது. புதுச்சேரிக்கு அப்பாலுள்ள செயற்கைத்திட்டு பயிற்சிக்கு ஏற்றது. ஒரு புயல் மழை போதும், ஆற்றுச் சேறு இறங்கித் தண்ணீர் கலங்கிவிடும். முதல் நாள் போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

செலவைக் குறைக்க இன்னொரு வழி இருக்கிறது. முழுப் பயிற்சியையும் வெளியூரில் செய்ய வேண்டியதில்லை. பாடத்தை இணையத்திலும் நீச்சல் குளப் பயிற்சியைச் சென்னையிலும் முடித்துக்கொண்டு, அதற்குச் சான்றான ‘ரெஃபரல்’ கடிதம் வாங்கிப் போனால், கடலில் பாக்கி இருப்பது நான்கே முக்குளிப்புகள், இரண்டு நாள் வேலை. பாடி (PADI) என்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் கடிதம் 12 மாதம் செல்லும். ஏற்றுக்கொள்ளும் பயிற்சி நிலையம் அதே அமைப்பைச் சேர்ந்ததா, அந்த நான்கு முக்குளிப்புக்கு என்ன கட்டணம், அதில் உபகரண வாடகை, படகு, அட்டைக் கட்டணம் எல்லாம் அடக்கமா என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் சொன்ன மலிவு விலை கடைசி நாளில் ஏறுவது இந்த இடத்தில்தான். ‘நீச்சலே தெரிய வேண்டாம்’ என்று விளம்பரம் செய்வது பயிற்றுநர் கூடவே வரும், 12 மீட்டருக்கு மேல் போகாத அறிமுக முக்குளிப்புக்கு மட்டுமே பொருந்தும். அட்டை வேண்டுமானால் 200 மீட்டர் நீந்தியும் பத்து நிமிடம் மிதந்தும் காட்டியாக வேண்டும்.

மலிவான இடத்தில் உபகரணத்தை நாமே சோதிப்பது எப்படி? குடுவையைத் திறந்ததும் அழுத்த மீட்டரைப் பாருங்கள். 200 ‘பார்’ (bar, காற்றழுத்த அலகு) காட்ட வேண்டும். 170 காட்டினால் ‘போதும் சார்’ என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். 50 பார் மிச்சத்தோடு மேலே வர வேண்டும் என்பதால் செலவழிக்கக்கூடியது 150-தான். அதில் 30 குறைந்தால் தண்ணீருக்கடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் போயிற்று. அடுத்து, மீட்டரைப் பார்த்துக்கொண்டே, வாயில் வைத்து மூச்சிழுக்கும் ரெகுலேட்டரில் நாலைந்து முறை ஆழமாக மூச்சிழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் முள் இறங்கி ஏறினால் வால்வை முழுதாகத் திறக்கவில்லை என்று பொருள். முள்ளைப் பார்க்காவிட்டால், மேலே இருக்கும்போது இது தெரியாது. 20 மீட்டரில் அழுத்தம் மூன்று மடங்கு என்பதால் ஒவ்வொரு மூச்சுக்கும் மூன்று மடங்கு காற்று தேவை. அங்கேதான் மூச்சு திணறும். காற்றில் எண்ணெய் வாடையோ புகை வாடையோ அடித்தால் அந்தக் குடுவையைத் தொடவே வேண்டாம். குடுவையை நிரப்பும் கம்ப்ரஸர் காற்றை உறிஞ்சும் இடம் ஏதோ எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

சளி பிடித்திருந்தால் இறங்க வேண்டாம். முதல் பத்து மீட்டரில்தான் அழுத்தம் இரட்டிப்பாகிறது, காது வலி ஆரம்பிப்பதும் அங்கேயே. மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், அதன் வேகம் தண்ணீருக்கடியில் குறைந்து, மேலே வரும்போது காதுக்குள் விரியும் காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும்.

கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையே, ஒரே ஒரு முக்குளிப்பு என்றால் 12 மணி நேரமாவது, பல முக்குளிப்பு என்றால் 18 மணி நேரமாவது வேண்டும். ஒரு முழு நாள் விடுவது இன்னும் நல்லது. உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன், காற்றழுத்தம் குறையும்போது குமிழியாகிவிடும். விமானத்தை மட்டும் நினைத்துக்கொண்டு மலையை மறந்துவிடுகிறார்கள். திருகோணமலையில் காலையில் முக்குளித்துவிட்டு மாலையே 1,800 மீட்டர் உயர நுவரெலியாவுக்கு வேனில் ஏறுவதும், துலாம்பெனிலிருந்து நேரே கிந்தாமணி மலைக்குப் போவதும் இதே ஆபத்துதான். இடைவெளியாக விடும் அந்த நாளைக் கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் ஒதுக்கிக்கொள்ளலாம். சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபாவை விலக்கியிருப்பார்கள், அல்லது ஆழ வரம்பு வைத்திருப்பார்கள். பாலிசியில் அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டு, பக்கத்தில் இந்தக் குமிழிப் பாதிப்புக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை எந்த ஊரில் இருக்கிறது என்பதையும் பயிற்சி நிலையத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பதில் தெரியாத நிலையத்தில் பணம் கட்ட வேண்டாம்.

அடுத்த முறை இப்படி ஒரு பட்டியல் போடும்போது, ஒவ்வொரு ஊருக்கும் எதிரே சீசன் மாதங்களையும் சென்னையிலிருந்து போய்வரும் விமானக் கட்டணத்தையும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்கூபா பயிற்றுநர்,
திருவான்மியூர், சென்னை – 41