வரி வரம்புகளும் விலைவாசியோடு உயரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூற்பாலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு எழுதிவிட்டு, 2023 மார்ச் 31 அன்று ஓய்வு பெற்றேன். எடுக்காத விடுப்புக்காக 6 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் வந்தது. என்னைப் போன்ற தனியார் ஊழியர்களுக்கு அதில் 3 லட்சத்துக்குத்தான் வரிவிலக்கு. மீதிக்கு 66,560 ரூபாய் வரி கட்டினேன். பக்கத்து மேஜை நண்பர் மே மாதம் ஓய்வு பெற்றார். அவருக்கும் ஏறக்குறைய அதே தொகைதான். ஆனால் ஒரு பைசா வரி இல்லை. காரணம், அந்த ஏப்ரல் 1 முதல் விலக்கு வரம்பு 25 லட்சமாகிவிட்டது.

நண்பருக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். என் கேள்வி வேறு. அந்த 3 லட்சம் 2002-இல் வைத்த வரம்பு. அப்போது மத்திய அரசில் மிக உயர்ந்த அடிப்படைச் சம்பளமே மாதம் 30,000 ரூபாய்தான் என்று 2023 பட்ஜெட் உரையில் நிதியமைச்சரே சொன்னார். அதற்குப் பிறகு அரிசி விலை, வாடகை, மருந்துச் செலவு எல்லாம் எங்கேயோ போய்விட்டன. வரம்பு மட்டும் 21 ஆண்டுகள் அசையவில்லை. இடையில் ஓய்வு பெற்ற அத்தனை பேரும் அதற்கான வரியைக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

விலைவாசி எவ்வளவு ஏறியது என்பது அரசுக்குத் தெரியாததல்ல. சொத்து விற்ற லாபத்துக்கு வரி கணக்கிடுவதற்காகச் செலவுப் பணவீக்கக் குறியீட்டெண் என்று ஒன்றை ஆண்டுதோறும் அரசாணையில் வெளியிடுகிறார்கள். 2002-03-இல் அது 105, 2022-23-இல் 331. இதன்படி ஏற்றியிருந்தால் நான் ஓய்வு பெற்றபோது அந்த 3 லட்சம் 9 லட்சத்து 45 ஆயிரமாக இருந்திருக்கும். இத்தனைக்கும் இந்த எண், நகர்ப்புற விலைவாசி உயர்வில் முக்கால் பங்கை மட்டுமே கணக்கில் எடுப்பது.

80சி என்று நமக்குப் பழகிப்போன சேமிப்புக் கழிவையும், அதாவது வரி போடுமுன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் தொகையையும் பாருங்கள். 2014-இல் 1 லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம் ஆக்கினார்கள். பி.எஃப்., எல்.ஐ.சி., பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டுக்கடன் அசல் எல்லாம் இந்த ஒரே பைக்குள்தான் அடங்க வேண்டும். 2014-15-இல் 240 ஆக இருந்த குறியீட்டெண் 2025-26-இல் 376. அந்தக் கணக்கில் இன்று 2 லட்சத்து 35 ஆயிரம் இருக்க வேண்டும். மூத்த குடிமக்களின் டெபாசிட் வட்டிக்கு 50,000 ரூபாய் கழிவு என்பதும் 2018-இல் வந்தது. அந்த வட்டியில் வங்கி வரி பிடிக்கத் தொடங்கும் வரம்பை 2025-இல் 1 லட்சமாக உயர்த்தியவர்கள், கழிவை மட்டும் ஏன் தொடவில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இந்தக் கழிவுகள் இல்லாத புதிய வரி முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை வரியே இல்லையே என்று சிலர் சொல்லலாம். சரி, 2025 பட்ஜெட் தந்த பெரிய நிம்மதி அது, மறுக்கவில்லை. ஆனால் அந்த 12 லட்சமும் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அப்படியே நின்றுவிட்டால்? விலைவாசிக்கு ஈடாகச் சம்பளம் கூடும். வாங்கும் சக்தி துளியும் கூடாமலே வரி வலைக்குள் போய் விழுவோம். அரசு ஊழியர்களின் அகவிலைப்படியை ஆண்டுக்கு இரண்டு முறை விலைவாசியைப் பார்த்து மாற்றுகிற அரசுக்கு, இது புரியாத கணக்கல்ல.

அமெரிக்காவில் வரி அடுக்குகளையும் நிலையான கழிவையும் விலைவாசிக்கேற்ப மாற்றுவது 1985-லிருந்தே நடக்கிறது. அடுத்த ஆண்டுக்கான தொகைகளை முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே வருமான வரித்துறை அறிவித்துவிடும். தனிநபருக்கான நிலையான கழிவு 2023-இல் 13,850 டாலர், 2024-இல் 14,600 டாலர். இதற்காக யாரும் மனுக் கொடுக்கவில்லை. இங்கேயோ ஒவ்வொரு பிப்ரவரி 1-ஆம் தேதியும் டி.வி. முன்னால் உட்கார்ந்து, இந்த வருஷமாவது ஏற்றுவார்களா என்று காத்திருக்கிறோம்.

1961-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு 2025-இல் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றியபோதே இதைச் செய்திருக்கலாம். இப்போதும் ஒரு திருத்தம் போதும்: ரூபாயில் சொல்லப்பட்ட ஒவ்வொரு வரம்பும் ஆண்டுதோறும் குறியீட்டெண்ணின்படி உயரும், ஆயிரத்துக்கு முழுமையாக்கப்படும். அடுத்த பட்ஜெட்டுக்கு முன் தமிழக எம்.பி.க்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் இதை நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். என் 66,560 ரூபாய் திரும்பி வராது. இந்த மார்ச்சில் ஓய்வு பெறப் போகிறவர்களுக்காகக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆலைக் கணக்கர்,
பீளமேடு, கோவை.