ஜான்சனின் வறுமைப் போர்: கணேசனுக்குப் பதில்

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பொடி எழுத்துப் புத்தகங்களைக் கொஞ்ச நாள் தள்ளி வை.

1964இல் வறுமைக்கு எதிராகப் போர் அறிவித்த அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனைப் பற்றி வாசகர் வட்டத்தில் பேசப்போவதாக எழுதியிருந்தாய். "வறுமையோடு போர் தொடுத்தோம், வறுமைதான் ஜெயித்தது" என்று 1988இல் அதிபர் ரீகன் சொன்னதோடு ஆரம்பித்தால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அதற்கு முன் அமெரிக்கா வறுமைக்கோட்டை எப்படிப் போட்டது என்று பார்த்துவிடு.

சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் வேலை பார்த்த மாலி ஒர்ஷான்ஸ்கி போட்ட கணக்கு அது. வேளாண் துறை வகுத்திருந்த மிகச் சிக்கனமான சாப்பாட்டுத் திட்டத்தின் செலவை எடுத்து மூன்றால் பெருக்கினார். 1955 கணக்கெடுப்பின்படி குடும்பங்களின் வருமானத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சாப்பாட்டுக்குப் போனது, அதனால் மூன்று. நாலு பேர் குடும்பத்துக்கு 1963இல் ஆண்டுக்குச் சுமார் 3,100 டாலர் என்று கோடு விழுந்தது. பிறகு விலைவாசிக்கேற்ப ஏற்றினார்களே தவிர, அடிப்படையைத் தொடவில்லை. அந்தக் கோட்டோடு ஒப்பிடுவது ரொக்க வருமானத்தை மட்டும்தான். உணவுக் கூப்பனும், முதியோருக்கான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிகெய்டு என்ற மருத்துவ உதவியும் கணக்கிலேயே வராது. ஜான்சன் கொடுத்தவற்றில் பெரியவை இவைதானே! அப்படியும் 1964இல் 19 சதவீதமாக இருந்த வறுமை 1973இல் 11.1க்கு இறங்கியது. அன்றைய பொருளாதார வளர்ச்சிக்கும் அதில் பங்குண்டு, அதை மறைக்காதே. அப்புறம் பெரிதாக இறங்கவில்லை என்பதைத்தான் ரீகன் பிடித்துக்கொண்டார்.

குறை சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் உணவுக் கூப்பனை எடு. 1964 ஆகஸ்டு 31இல் கையெழுத்தான சட்டம். கூப்பன் அன்று இலவசமில்லை, காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒரு குடும்பம் வழக்கமாகச் சாப்பாட்டுக்குச் செலவழிக்கும் தொகையைக் கட்டச் சொல்வார்கள். அதைவிடக் கூடுதல் மதிப்புக்குக் கூப்பன் தருவார்கள். பேச்சுக்கு, 60 டாலர் கட்டினால் 90 டாலர் கூப்பன் என்று வைத்துக்கொள். அரசின் உதவி அந்த 30தான். மதுவும் இறக்குமதி உணவும் அதில் வாங்க முடியாது. ஏழையின் சாப்பாட்டுக் காசு வேறு எதற்கும் போகக்கூடாது, விவசாயியின் சரக்கும் கூடுதலாக விற்க வேண்டும் என்பது யோசனை.

காகிதத்தில் கச்சிதமாகத்தான் இருந்தது. கூலிக் குடும்பத்தில் அந்த 60 டாலர் மொத்தமாக ஏது? மிசிசிப்பி டெல்டாவில் பருத்தி பறிக்க இயந்திரம் வந்து கூலியே நின்றுபோனவர்களிடம் தலைக்கு 2 டாலர் என்ற குறைந்தபட்சக் கட்டணம்கூட இல்லை. மாவும் அரிசியும் பால்பவுடரும் இலவசமாகக் கொடுத்துவந்த வட்டாரங்கள் கூப்பனுக்கு மாறியபோது, உதவி பெறுவோர் எண்ணிக்கை கூடுவதற்குப் பதில் குறைந்தது. 1967 ஏப்ரலில் செனட்டர் ராபர்ட் கென்னடி டெல்டாவுக்கு நேரில் போய்ப் பார்த்தார். பிறகு பரம ஏழைகளுக்கு மட்டும் அந்தக் குறைந்தபட்சக் கட்டணத்தைத் தலைக்கு 50 சென்டாகக் குறைத்தார்கள். காசு கட்டும் முறையையே 1977 சட்டம் ஒழித்தது. அது 1979 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் கூப்பன் பெறுவோர் எண்ணிக்கை 15 லட்சம் கூடியது. நீ ஒரே ஒரு புள்ளிவிவரம்தான் சொல்ல முடியுமென்றால் இதைச் சொல்.

மெடிகேர் விஷயத்தில் ஜான்சன் ஆட்கள் கெட்டிக்காரர்கள். தென் மாநில மருத்துவமனைகளில் வெள்ளையருக்கு ஒரு வார்டு, கறுப்பினத்தவருக்கு ஒரு வார்டு. 1966 ஜூலை 1இல் திட்டம் தொடங்குவதற்கு முன்பே, குடிமை உரிமைச் சட்டப்படி பாகுபாட்டை விட்டால்தான் பணம் என்று சொல்லிவிட்டார்கள். முதியோர் சிகிச்சைக்கு வரும் பணத்தை எந்த மருத்துவமனை வேண்டாமென்று சொல்லும்? பெரும்பாலானவை சில மாதங்களுக்குள் வழிக்கு வந்தன. பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று 1954இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து பத்து வருடமாகியும் அசையாத விஷயம் இது.

வறுமைப் போருக்குப் பொறுப்பாக ஜான்சன் வைத்த சார்ஜென்ட் ஷ்ரைவர் நடத்திய சமூக நடவடிக்கைத் திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகலாம். மேயர்களைத் தாண்டி உள்ளூர் அமைப்புகளுக்கு நேராகப் பணம் போனது. மேயர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களில் பலர் ஜான்சனின் சொந்தக் கட்சிக்காரர்கள் வேறு. 1967இல் சட்டத்தைத் திருத்தி, விரும்பினால் அந்தத் திட்டத்தின் பிடியை உள்ளாட்சிகளே எடுத்துக்கொள்ளலாம் என்று ஆக்கிவிட்டார்கள்.

வியட்நாம் செலவு இதையெல்லாம் எப்படி நெருக்கியது என்று கேட்டிருந்தாய். அது தனிக் கதை, அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். கூட்டம் என்றைக்கு என்று மட்டும் முன்கூட்டியே சொல்.

அன்புடன்,
சண்முகம்