திருக்கடையூரிலிருந்து எட்டு கிலோமீட்டர்

சேலம்

அன்புள்ள சண்முகம்,

உன் அண்ணனின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகிறோம், தரங்கம்பாடியையும் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். கட்டாயம் பார். எட்டு கிலோமீட்டர்தான், காரைக்கால், பொறையாறு போகும் பஸ் எல்லாம் அந்த வழிதான். ஆனால் விசேஷம் முடிந்து பந்தியில் சாப்பிட்ட கையோடு மதியத்தில் போகாதே. ஏற்காட்டுக் குளிரில் இருக்கிற உடம்பு அந்த உப்புக்காற்றுப் புழுக்கத்தைத் தாங்காது. முந்தின நாள் மாலை நாலு மணிக்குப் போ. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், கோட்டை அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.

உங்கள் மலையில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபி வைத்தது 1820களில். அதற்கு 200 வருஷம் முன்னாலேயே, 1620-இல், தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிவிட்டார்கள். எல்லாம் மிளகுக்காக. 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டை சின்னதுதான், கீழே கிடங்குகள், மேலே கவர்னர் இருந்த அறைகள். அரைமணி நேரம் போதும்.

ராஜ வீதிக்குத்தான் நேரம் வை. அங்கே 1718-இல் கட்டிய புது எருசலேம் தேவாலயத்தில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் அடக்கமாகியிருக்கிறார். 1706-இல் வந்து தமிழ் படித்தவர். தமிழ் அச்சே அவரிடம்தான் தொடங்கியது என்பார்கள், நம்பாதே. 1578-லேயே கொல்லத்தில் தமிழ் அச்சேறிவிட்டது. இவர் காலத்துச் சங்கதி வேறு. ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிசு பெரிசாக இருந்தன. பக்கத்துக்குக் கொஞ்சம் வரிதான் பிடிக்கும், காகிதமோ அரிது. அதனால் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகளை வார்த்து, 1715-க்குள் புதிய ஏற்பாட்டை அச்சடித்து முடித்தார்கள்.

கடைசியாக மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, 1306. முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது. இப்போது கருங்கல் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். அந்தக் கல்லில் பாசி வழுக்கும், பேரப்பிள்ளைகளை ஏறவிடாதே. குளிக்கவும் வேண்டாம், இழுப்பு அதிகம். அலை பாடுவதால் தரங்கம்பாடி என்று யாராவது சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கல்வெட்டில் இருப்பது சடங்கன்பாடி.

ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தம் என்றால் குடை எடுத்துக்கொள். தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
பழனிசாமி