குடியிருப்போர் நலச் சங்கம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், வந்திருக்கிற அண்ணன்மார், அக்காமார், தம்பிமார் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் கோரம் சேராததால் தள்ளிவைத்த பொதுக்குழு இன்று நடக்கிறது. வந்தவர்களுக்கு நன்றி. இந்த அறிக்கையில் பாதி வராதவர்களுக்காக எழுதியது. பக்கத்து வீட்டில் இருப்பவர்களிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

வழக்கமான காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். குடியரசு தினம், சுதந்திர தினம் இரண்டுக்கும் கொடியேற்றினோம். பிப்ரவரியில் கண் பரிசோதனை முகாம் நடந்தது. பள்ளிக்கூடப் பாதையில் மண்டியிருந்த சீமைக்கருவேலத்தை வெட்டி ஒதுக்கினோம். கரையோரம் பனங்கொட்டை ஊன்றினோம், ஆடு மேய்ந்தது போக மிச்சம் முளைத்திருக்கிறது. மேற்குத் தெருவில் எரியாத விளக்குகள் மாற்றப்பட்டன. கிழக்குத் தெரு வாய்க்கால் பாதியில் நிற்கிறது. நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் அந்தப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியதற்கு அதுதான் காரணம். மனு மறுபடியும் கொடுத்திருக்கிறோம்.

இனி, ஆண்டு முழுக்க என் நேரத்தை எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன். வலைக்கூடத்தில் படுத்துக் கிடக்கிற இளைஞர்களைப் பற்றியது அது. செயலாளர் மற்ற வேலையை விட்டுவிட்டு இதையே பிடித்துக்கொண்டு திரிகிறார் என்று சிலர் பேசுவது என் காதுக்கும் வந்தது. ஏன் பிடித்துக்கொண்டேன் என்பதை விவரமாகச் சொல்வது என் கடமை.

வலை பின்னும் கூடத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் போய்ப் பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர் என்று தெரியவில்லை. பழைய வலைக் குவியல்தான் மெத்தை. மழைக்கோட்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். எலி கடிக்காமல் இருக்க, துணிமணியை அரிசிச் சாக்கில் போட்டு உத்திரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு பையனுக்கு வயது 19. ஆதார் அட்டையை பாலித்தீன் கவரில் மடித்து இடுப்பில் செருகிவைத்திருக்கிறான். வாங்கிப் பார்த்தால் முகவரி வேறு மாவட்டத்தில் உள்ள ஒரு குழந்தைகள் இல்லத்தின் பெயரில் இருக்கிறது. "அங்கேயே இருந்திருக்கலாமே தம்பி?" என்று கேட்டேன். "பதினெட்டு முடிஞ்சிருச்சுண்ணே, ஹோம்ல இருக்க முடியாது" என்றான். இன்னொருவனின் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அம்மா கூலி வேலைக்கு வெளியூர் போய்விட்டார், இருந்த குடிசையும் புறம்போக்கில் இருந்தது, போய்விட்டது. இவர்களெல்லாம் நம் சம்மாட்டிமார் (படகு முதலாளிமார்) படகில் வேலை பார்ப்பவர்கள்தான். ஐஸ் உடைப்பவர்கள், மீன் பெட்டி தூக்குபவர்கள், நண்டு வலை தட்டுபவர்கள். பகலில் நமக்கு வேண்டியவர்கள், ராத்திரியில் யாருக்கும் வேண்டாதவர்கள் என்ற நிலை நம் ஊருக்கு அழகல்ல.

இவர்களுக்குத் தங்க இடம் இல்லாதது ஒரு குறை. அதனால் வருகிற மற்றக் குறைகள் அதைவிடப் பெரியவை. மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் அதை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்தி அறிவித்தார்கள், நம்மில் பலர் அங்கே உட்கார்ந்து கேட்டோம். அந்தப் பணம் மீனவக் குடும்பத்துக்கு வருகிறது. ரேஷன் கார்டும் கதவு எண்ணும் இல்லாத தனிப் பையன் எந்தக் கணக்கிலும் குடும்பம் ஆக மாட்டான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் படகு கரையில் நிற்கும்போது அவனுக்கு வேலையும் இல்லை, நிவாரணமும் இல்லை. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் வருகிறது, குடிசையில் இருப்பவர்களுக்கு நல்ல திட்டம், ஆனால் சொந்த மனைக்குப் பட்டா வேண்டும். கரையோரப் புறம்போக்கில் பிறந்த பிள்ளை பட்டாவுக்கு எங்கே போவான்?

நகரத்தில் வீடற்றோருக்கு அரசு ஏற்பாடு இருக்கிறதே, அங்கே அனுப்பிவிடலாமே என்று செயற்குழுவில் ஒரு கருத்து வந்தது. விசாரித்தேன். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் ஒரு லட்சம் நகர மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் அளவுக்கு இடம் அமைக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. 2011 கணக்கெடுப்பில் ராமேஸ்வரம் நகராட்சியின் மக்கள்தொகையே 45,000ஐ ஒட்டித்தான். நாம் ஊராட்சி, அந்தத் திட்டத்தின் கணக்கிலேயே வர மாட்டோம். தவிர, விடியற்காலை மீன்பிடி அனுமதி டோக்கன் வாங்கிப் படகில் ஏற வேண்டியவனை இருபது முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் படுக்கச் சொன்னால் அவன் எப்படி வேலைக்கு வருவான்? இடம் இங்கேதான் வேண்டும்.

இன்னொரு கருத்து, கீற்றுக் கொட்டகை போட்டு நாமே படுக்க வைத்துவிடலாம், காகிதம் எதற்கு என்பது. நல்ல மனதோடு சொன்னார்கள் என்று தெரியும். ஆனால் ஏர்வாடியை நாம் மறக்கலாமா? 2001 ஆகஸ்ட் 6 அன்று, அனுமதி இல்லாமல் நடந்த ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். இங்கிருந்து கூப்பிடு தூரம். அன்றைக்கும் இடம் கொடுத்தவர்கள் உதவி என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஊராட்சிக் கட்டிடம், மின் இணைப்பு, இரண்டு பக்கமும் வாசல், பதிவேடு, பொறுப்பாளர் இவை இல்லாமல் ஒருவரையும் நம் பெயரில் படுக்கவைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

பதினெட்டுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஏப்ரல் 6இல் புதிய பாம்பன் பாலம் திறந்து, இரண்டு வருடத்துக்கு மேல் நின்றிருந்த ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை ஓட ஆரம்பித்தது. அதில் ஏறி வந்த ஒரு சிறுவன் நம் ஐஸ் கம்பெனிப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தான். குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்தேன், அன்று ராத்திரியே வந்து அழைத்துப் போனார்கள். "பச்சைப் பிள்ளையைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்" என்று சிலர் என்னைக் கோபித்தார்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, வீடில்லாமல் காணப்படுகிற குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். பதிவு இல்லாமல் குழந்தைகளை வைத்துக் காப்பகம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பையன் இப்போது அவன் அம்மாவிடம் இருக்கிறான். அம்மாவே போன் செய்து சொன்னார். கோபித்தவர்களுக்கும் இந்தச் செய்தி சேரட்டும்.

இந்த வருடம் சங்கம் என்ன செய்தது என்று கேட்டால், முதலில் ஆதார் முகவரியைச் சொல்வேன். ஊராட்சித் தலைவர் கையெழுத்திட்ட சான்று இருந்தால் முகவரி மாற்றிவிடலாம். ஆனால் நம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5உடன் முடிந்துவிட்டது, தேர்தல் இன்னும் நடக்கவில்லை, தனி அலுவலர் ஆட்சிதான். தலைவர் இருந்தால் டீக்கடையில் பிடித்துக் கையெழுத்து வாங்கிவிடலாம். இப்போது ஒவ்வொன்றுக்கும் ஒன்றிய அலுவலகத்தில் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது. கடைசியில் கெஜட்டட் அதிகாரி ஒருவர் மனம்வைத்துச் சான்று கொடுத்தார். நான்கு பேருக்கு நம் ஊர் முகவரியில் ஆதார் வந்துவிட்டது, வங்கிக் கணக்கும் தொடங்கியாயிற்று. அரசுப் பள்ளியில் படித்த ஒருவன் ஐடிஐயில் சேர்ந்திருக்கிறான். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பித்திருக்கிறோம்.

அடுத்தது அன்புக் கரங்கள். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரும் பராமரிக்க முடியாமல் இருக்கும் பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். செப்டம்பர் 15இல் தொடங்கினார்கள். நம் தெருக்களில் அப்படிப்பட்ட பிள்ளைகளை வீடு வீடாகக் கேட்டுப் படிவம் நிரப்பினோம். மகளிர் குழு அக்காமார் இல்லையென்றால் இந்த வேலை நடந்திருக்காது. இந்தப் பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடத்தில் நின்றால்தான் ஐந்து வருடம் கழித்து வலைக்கூடத்துக்கு வராமல் இருப்பார்கள்.

முக்கியமான வேலை, வலைக்கூடத்துக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கிற ஊராட்சி அறை. அதை 18 வயது தாண்டிய உழைக்கும் இளைஞர்களுக்கு இரவுத் தங்கும் இடமாக மாற்ற மனு கொடுத்தோம். ஆறு கட்டில், பூட்டோடு பெட்டி, கழிப்பறை, குளிக்கத் தண்ணீர், வெளியே ஒரு விளக்கு, அவ்வளவுதான் கேட்டது. விளக்கு வந்தால் ஏலக்கூடத்துக்கு இருட்டில் போகிற பெண்களுக்கும் உதவும். உங்களுடன் ஸ்டாலின் முகாமில் கொடுத்த மனுவுக்குப் பதில் வந்தது. நமக்கு நாமே திட்டத்தில் செய்யலாம், மதிப்பீடு மூன்று லட்சம், மக்கள் பங்கு மூன்றில் ஒன்று, அதாவது ஒரு லட்சம், முதலில் கட்ட வேண்டும். அரசு இரண்டு பங்கு தரத் தயார். நம் பங்குதான் இல்லை.

இதில் மனம் விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. சந்தா மாதம் 50 ரூபாய். வருடக் கணக்கில் பாக்கி வைத்திருப்பவர்கள் உறுப்பினர்களில் பாதிக்கு மேல். பாக்கி முழுதும் வசூலானால் நம் பங்கில் பெரும்பகுதி கையில் இருக்கும். மூன்று படகு வைத்திருப்பவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை. நண்டு கம்பெனியில் தினக்கூலிக்குப் போகிற அக்கா ஒருவர் 12 மாதமும் தவறாமல் கட்டியிருக்கிறார். கிராம சபையிலும் இதே கதை. மே 1 கிராம சபையில் இந்த அறைக்காகத் தீர்மானம் கொண்டுவந்தோம். கடலுக்குப் போய்விட்டோம் என்று அன்று யாரும் சொல்ல முடியாது, தடைக்காலம், படகெல்லாம் கரையில் நின்றது. ஆனாலும் நம் சங்கத்திலிருந்து வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தீர்மானம் பதிவாகாமலே கூட்டம் முடிந்தது. அக்டோபர் கிராம சபைக்குப் பெண்கள் திரண்டு வந்ததால்தான் பதிவானது. ஐந்து மாதம் வீணாய்ப் போயிற்று, அதற்குள் மழைக்காலமும் வந்துவிட்டது.

அந்தப் பையன்கள் இருந்தால் திருட்டு வரும், ஊருக்குக் கெட்ட பெயர் வரும் என்று ஒரு பேச்சு நடக்கிறது. ஜூலையில் வாடியில் (கரையோரக் கொட்டகையில்) வலை காணாமல் போனதும் நேராக அவர்கள் சாக்கைத்தான் அவிழ்த்துப் பார்த்தார்கள். வலை பிறகு உரியவரின் மச்சான் வீட்டிலேயே கிடைத்தது. சாக்கை அவிழ்த்தவர்கள் இன்று வரை அந்தப் பையன்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டித்வா மழை ராத்திரியில் கிழக்குத் தெருவில் முழங்கால் தண்ணீரில் நின்று மோட்டார் பிடித்து இறைத்தவர்கள் யார் என்று அந்தத் தெருக்காரர்களைக் கேளுங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா, நன்கொடை, வாடகைப் பாத்திர வரவு எல்லாம் சேர்ந்து செலவுக்குச் சரியாக இருந்தது. கையிருப்பு சிறிதளவு இருக்கிறது. மருத்துவ முகாம், மின் சாமான், படிவம், ஜெராக்ஸ், போக்குவரத்து இவைதான் செலவு. ரசீதுகள் கோப்பில் உள்ளன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

முகாமுக்கு வந்த மருத்துவர்கள், ஊராட்சிச் செயலர், துப்புரவுப் பணியாளர்கள், மகளிர் குழுவினர், கூட்டத்துக்கு இடம் தந்த பள்ளித் தலைமை ஆசிரியர், பந்தலும் தேநீரும் தந்தவர்கள் அனைவருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டுக்கு நான் புதிதாக எதையும் அறிவிக்கப் போவதில்லை. வாய்க்காலும் இந்த அறையும் முடிந்தால் போதும். தடைக்காலம் தொடங்குவதற்கு முன் அறை திறக்க வேண்டும் என்பது என் ஆசை, ஏனென்றால் அந்த 61 நாள்தான் அவர்களுக்குச் சாப்பாட்டுக்கே வழி இல்லாத நாள். இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைகளுக்கு 18க்குப் பிறகு 21 வயது வரை பண உதவிக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அதற்கும் எழுதியிருக்கிறோம். சம்மாட்டிமார் தங்கள் படகில் வேலை பார்க்கிற பையனுக்காக ஆளுக்கு ஒரு கட்டில் ஏற்றுக்கொண்டால் ஒரு லட்சத்தில் பெரிய சுமை இறங்கிவிடும். இரண்டு பேர் ஏற்கனவே சம்மதித்திருக்கிறார்கள். மிச்சம் நான்கு கட்டில். செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது வர விரும்பினால் மகிழ்ச்சியோடு கோப்பை ஒப்படைக்கிறேன், அந்த அறைக் கோப்பை மட்டும் பாதியில் விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சந்தா பாக்கியை பொங்கல் கழித்துப் பத்து நாளுக்குள் பொருளாளரிடம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தமாக முடியாதவர்கள் இரண்டு தவணையாகக் கொடுக்கலாம். ஜனவரி 26 கிராம சபையில் மக்கள் பங்குத் தொகைக்கான ஒப்புதலைப் பதிவு செய்ய வேண்டும். அன்று திங்கட்கிழமை, விசைப்படகு போகிற நாள் என்பது தெரியும். வீட்டுக்கு ஒருவராவது ஆதார் நகலோடு காலை பத்தரைக்கெல்லாம் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்